மண்ணைத் தொடாதது எனக்கு

கல்யாணம் செய்துகொண்டவர்கள் பிரிவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. தாலியைக் கழற்றிக் கொடுக்கலாம். நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். கப்பலேறி ஊருக்கே போய்விடலாம். கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள் பிரிவதுதான் பெரிய தலைவலி. நானும் அந்த மனுஷனும் பிரிவதென்று முடிவுசெய்தபோது, யார் எதைக் கழற்றி யாரிடம் கொடுப்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அப்போது பெரிய சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. நான் சூளை ஆட்களுக்குக் காலையில் தோசை சுட்டு விற்றுக்கொண்டிருந்தேன். அவர் ரயில் பாதை போடும் கூட்டத்தில் வேலை. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கினார். மழை விட்டது, அவர் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. எங்கள் கதையில் முகூர்த்தம் என்று ஒன்று இருந்தால் அதுதான்.

சேர்ந்து ஒரு வீடு கட்டினோம். பலகை வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை, வெள்ளத்துக்குப் பயந்து ஆள் மார்பு உயரத்துக்குக் கால்கள். பலகையும் கூரையும் என் தோசைக் காசு. கட்டியது அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு சுத்தியலால் அடிப்பார். நான் ஏதாவது கேட்டால் ஆணியோடேயே பதில் சொல்வார். ஒரு வார்த்தை புரியாது. அந்த வீட்டில் நாங்கள் சண்டையே போடாத காலம் அதுதான்.

நிலம் மட்டும் எங்களுடையது இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை நில ஆபீசில் குடியிருக்கச் சீட்டு தருவார்கள். சீட்டு எழுதிய கிராணி, "உன் புருஷன் பேர் என்ன?" என்று என்னைக் கேட்டார். "புருஷன் இல்லை" என்றேன். "பக்கத்துல நிக்கிறது யாரு?" "கூட இருக்கார்." கிராணி பேனாவை மைப்புட்டியில் முக்கியபடி கொஞ்ச நேரம் யோசித்தார். 'கூட இருக்கார்' என்பதற்கு அவருடைய தாளில் இடமில்லை போலிருக்கிறது. சீட்டைப் பக்கத்தில் நின்றவர் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டார். மண்தானே, அது எங்கே ஓடிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவருக்கு மண்டோர் வேலை கிடைத்தது. பாதை போடும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். தண்டவாளத்தைத் தூக்கும்போது பாட்டெடுப்பது அவர். மற்றவர்கள் 'ஐலசா' சொல்லித் தூக்குவார்கள். நல்ல குரல். அந்தக் குரலில் அவர் உப்புக் கேட்டால்கூட நாலு வீடு எழுந்து கொண்டுவரும். மண்டோர் ஆனதும் தலைப்பாகை வந்தது, மீசைக்கு எண்ணெய் வந்தது, கூடவே மரியாதையும் வந்து சேர்ந்தது. கோயில் திருவிழாவில் ரயில்வே ஆட்களின் உபயத்தை இந்த வருஷம் நீதான் நடத்த வேண்டும் என்றார்கள். அங்கேதான் வினை. உபயக்காரர் சம்சாரத்தோடு மாலை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். குருக்கள் இருவர் பேரையும் சொல்லிச் சங்கல்பம் செய்வார். "யாரை நிறுத்துவே?" என்று சூளைக் கங்காணி கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை அவர் வெற்றிலையில் எதையோ மடித்து எடுத்துக்கொண்டு அடுப்பருகே வந்து நின்றார். பிரித்துப் பார்த்தால் மஞ்சள் கயிறு.

"இந்தா, கழுத்தை நீட்டு."

"தோசை கருகுது. தள்ளுங்க."

"அட, விளையாட்டில்ல. தாலி கட்டறேன்னு சொல்றேன்."

"வேண்டாம்" என்றேன்.

சூளை ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தன் தோசையைப் பாதி வாயில் வைத்தபடி நின்றுவிட்டான்.

வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபோது எனக்கு ஒரு தாலி ஏறியிருந்தது. அந்த மனுஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள் அவருடைய அண்ணன் வந்தார். நான் வளர்த்த ஆடு, நான் வாங்கிய செம்புக் குடம், சீசாவில் மிச்சமிருந்த எண்ணெய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். பெண்டாட்டி பொருள் புருஷன் பொருள், புருஷன் பொருள் எங்கள் குடும்பத்துப் பொருள் என்று கணக்குச் சொன்னார். எண்ணெய் போனது பரவாயில்லை. ஆடு போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக் கத்தியது. அன்றைக்கு முடிவுசெய்தேன், இனி என் பொருளுக்கும் என் கழுத்துக்கும் முடிச்சுப் போட விடுவதில்லை என்று.

இதை அவரிடம் சொன்னேன். "கயிறு ஏறினா இந்தத் தோசைக்கல்லுகூட உங்களுதாயிடும். நாளைக்கு உங்க அண்ணன் தம்பி எவனாவது வந்து வீட்டைக் கேப்பான்."

"என்னைத் திருடன்னு சொல்றியா?"

"உங்களைச் சொல்லல. கயிறைச் சொல்றேன்."

கயிறும் அவரும் ஒன்றுதான் என்று அவர் நினைத்தார். நாலு பேர் எதிரில் கயிற்றோடு நின்ற மண்டோருக்கு அவமானம் தாங்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் சமாதானமாக ஒரு தோசை வைத்தேன், சாப்பிடவில்லை. இவ்வளவு வருஷத்தில் அவர் தொடாமல் விட்ட முதல் தோசை அது. எனக்கும் கோபம் வந்துவிட்டது. "முறையா இருக்கப் பிடிக்கலேன்னா பிரிஞ்சுக்கலாம்" என்றார். "பிரிஞ்சுக்கலாம்" என்றேன். "நெலம் என் பேர்ல இருக்கு" என்றார். "வீடு என் தோசையில நிக்குது" என்றேன்.

நில ஆபீசுக்குப் போனோம். கல்யாணம் ஆகாதவர்களைப் பிரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, முதலில் கல்யாணம் செய்துகொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார் கிராணி. கோயிலில் கேட்டோம். சேர்த்து வைக்காததை நாங்கள் எப்படிப் பிரிப்பது என்றார்கள். கடைசியில் சூளைக் கங்காணியிடம் போய் நின்றோம். அவருக்குத் தீர்ப்புச் சொல்வதென்றால் கொள்ளை ஆசை. ஆனால் எங்கள் இருவரையும் ஒரு மணி நேரம் கேட்டால் யாருக்கும் ஆசை போய்விடும். அம்மி யாருக்கு, கோழி யாருக்கு, பப்பாளி மரம் யாருக்கு, அதில் காய்த்த காய் யாருக்கு என்று நாங்கள் அடுக்க, அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க! ஒரே பேச்சு. மண்ணைத் தொட்டதெல்லாம் அவனுக்கு. மண்ணைத் தொடாததெல்லாம் உனக்கு. போங்க, சூளை எரியுது."

மண்டோர் மீசையை முறுக்கிக்கொண்டார். வீடு மண்ணில்தானே நிற்கிறது, எல்லாம் நமக்கே என்று நினைத்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கூரை, பலகை, அடுப்பு எல்லாம் போயிற்று. மறுபடியும் ஆடு திரும்பிப் பார்க்கப் போகிறது என்று நினைத்தேன். வீடு வந்து சேர்ந்ததும் முற்றத்தில் அப்படியே குந்திவிட்டேன். குந்திய இடத்திலிருந்து பார்த்தால் வீட்டின் அடி தெரிந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது.

கறையான் ஏறக்கூடாது என்று ஒவ்வொரு காலுக்கும் அடியில் செங்கல் வைத்திருந்தோம். சூளையில் அதிகம் வெந்து கறுத்துப்போன கல்; விலைபோகாது என்று கங்காணிதான் சும்மா கொடுத்தார். கால் கல்லின் மேல் நின்றது. கல்தான் மண்ணைத் தொட்டது. என் வீடு மண்ணைத் தொடவே இல்லை.

கங்காணியை இழுத்துக்கொண்டு வந்தேன். பாவம், அந்தப் பெரிய உடம்பை மடக்கி வீட்டுக்கு அடியில் புகுந்து, வெற்றிலை வெட்டும் கத்தியைக் காலுக்கும் கல்லுக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். கத்தி உள்ளே போய் வந்தது. ஒவ்வொரு காலாகப் பார்த்தார். வெளியே வரும்போது தலைப்பாகையில் கோழி இறகு ஒட்டியிருந்தது.

"கல்லு உனக்கு, வீடு அவளுக்கு" என்றார்.

"அநியாயம்!" என்று கத்தினார் அவர்.

"நான் சொன்னதைத்தானே சொல்றேன்."

அன்றிலிருந்து எங்கள் முற்றத்தில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! அவர் வேலை மெனக்கெட்டு என் பானைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைப்பார். அவர் திரும்புவதற்குள் நான் மேலே ஏற்றிவிடுவேன். விளக்குமாற்றைக்கூடக் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். ஆட்டுக்கல்லை மட்டும் என்னால் அசைக்க முடியவில்லை. அது அவருக்குப் போயிற்று. தோசைக்கு மாவாட்டத் தெரியாத ஆளுக்கு ஆட்டுக்கல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கோழிகள் பகலில் அவருடையவையாக இருந்தன. பொழுது சாய்ந்து விட்டத்தில் ஏறினால் என்னுடையவை. முட்டையை எங்கே இடுகிறதோ அதைப் பொறுத்தது. ஒரு கோழி படியில் இட்டது. அதற்கு மறுபடி கங்காணியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. படி முற்றத்து மண்ணில் ஊன்றி, வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கிறது. மண்ணைத் தொடுகிறதா என்றால் தொடுகிறது. படி அவருக்கு, முட்டையும் அவருக்கு என்று சொல்லிவிட்டு, இனிமேல் தன்னைக் கூப்பிட்டால் இரண்டு பேரையும் சூளையில் வைத்துச் சுட்டுவிடுவேன் என்றார் கங்காணி.

சரி, வீடு எனக்கு, மண் அவருக்கு. இப்போது என்ன செய்வது? "என் மண்ணு மேல உன் வீடு எதுக்கு நிக்குது?" என்று தினமும் காலையில் கேட்க ஆரம்பித்தார். வீட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. வீடு என்றால் இருந்த இடத்தில் இருப்பது. அதைப் பிரித்தால் பலகைக் குவியல். திரும்பக் கட்ட என்னிடம் ஆள் ஏது? ஆணியைக் கவ்விக்கொண்டு கட்டிய ஆளோடுதானே சண்டை.

வழி சொன்னது ஆற்றோர மலாய்க் கம்பத்து மக்சிக். கம்பம் என்றால் அவர்கள் கிராமம், மக்சிக் என்றால் அத்தை. என்னிடம் தினமும் தோசை வாங்குகிறவள். வண்டிப்பாதை முடிகிற இடத்தில் அவளுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டுவிட்டு, இதற்கா அழுகிறாய் என்பதுபோல் பார்த்தாள்.

"ஆங்காட் லா" என்றாள். தூக்கிக்கொண்டு போயேன் என்று அர்த்தம்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவர்களுக்கு அது சாதாரணம். கம்பத்தில் ஒருவர் வீட்டை இடம் மாற்ற வேண்டுமென்றால் மூங்கிலைக் குறுக்கே கட்டி, ஊரே கூடித் தோள் கொடுத்துத் தூக்கிப் போய் வைத்துவிடுவார்களாம். தோப்பு ஓரத்தில் வைத்துக்கொள், வாடகைக்குப் பதில் தோசை கொடு என்றாள். அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்திலிருந்து மக்சிக்கின் கணவரோடு ஆட்கள் வந்தார்கள். சூளையிலிருந்தும் நம்மவர்கள் வந்தார்கள். அவர் மட்டும் பப்பாளி மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் ஆக்கியிருந்தேன். கம்பத்து ஆட்களும் சாப்பிட வேண்டுமென்று கறியைக்கூட மலாய்க்காரர் கடையில் வாங்கினேன். "முதல்ல வீடு, அப்புறம் சோறு" என்றாள் மக்சிக். அது அவர்கள் வழக்கம். எனக்கு மனசு கேட்கவில்லை. நம் வாசலுக்கு வேலைக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு வேலை வாங்குவதா? இலை போட்டுவிட்டேன். கம்பத்து ஆட்கள் மரியாதையாக, வேலை முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நம்மவர்கள் அப்படிச் சொல்லவில்லை. மூக்கைப் பிடிக்கச் சாப்பிட்டார்கள். மறுசோறு கேட்டார்கள். வெற்றிலையும் போட்டுக்கொண்டார்கள்.

மூங்கில் கட்டியாயிற்று. கம்பத்து ஆட்கள் ஒரு பக்கம், நம்மவர்கள் மறுபக்கம். மக்சிக்கின் கணவர், "சத்து, துவா, தீகா!" என்று எண்ணினார். தீகா என்றதும் கம்பத்துப் பக்கம் வீடு எழும்பியது. நம்மவர்கள் பக்கம் அசையவே இல்லை. யாராவது பாட்டெடுப்பார்கள் என்று அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டில்லாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்கிப் பழக்கமில்லாத ஆட்கள். உள்ளே என் பானைகளெல்லாம் உருண்டு ஒரு மூலையில் போய்ச் சேர்ந்த சத்தம் கேட்டது. மறுபடி எண்ணினார். இந்த முறை நம்மவர்களும் தூக்கினார்கள், ஒரு மூச்சுத் தள்ளி. வீடு நொண்டி நொண்டி வண்டிப்பாதைக்கு வந்து சேர்ந்தது. வழியெல்லாம் சாப்பிட்டவர்கள் பக்கமாகவே சாய்ந்து வந்தது.

கள்ளுக்கடை வாசலுக்கு வந்ததும் நம்மவர்கள், "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறோம்" என்று இறக்கினார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் மரத்தடியில் சாய்ந்து குறட்டை விட்டார்கள். மீதிப் பேர் கள்ளுக்கடையில் மூச்சு வாங்கினார்கள். பாதை நடுவில், அடைத்துக்கொண்டு, என் வீடு. பின்னால் செங்கல் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. "யாருது இது? ரோட்டு நடுவுல யாரு வீடு கட்டுனது?" என்று வண்டிக்காரர்கள் கத்தினார்கள். கம்பத்து ஆட்கள் பசியோடு என்னைப் பார்த்தார்கள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மக்சிக் என் காதில், "உங்க ஆளுங்க பாட்டுக்குத்தான் தூக்குவாங்க. பாடுறவன் எங்கே?" என்றாள்.

பாடுகிறவன் எங்கே என்று எனக்குத் தெரியும். போகத்தான் கால் வரவில்லை.

போனேன். வீடு போன பிறகு அந்த மண் பார்க்கச் சகிக்காமல் கிடந்தது. கறுத்த செங்கல்கள் வரிசையாக. ஆட்டுக்கல். நடுவில் படி, முட்டுக் கொடுத்து நிற்க வைத்திருந்தார். ஏறினால் எங்கேயும் போகாத படி. அதில் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் வந்து பாட்டெடுங்க" என்றேன்.

"என் வாயால என் வீட்டைத் தூக்கி அனுப்பச் சொல்றியா?"

"என் வீட்டை."

தலைப்பாகையைக் கழற்றி உதறி, மறுபடி கட்டிக்கொண்டார். "உன் வீட்டை" என்றபடி எழுந்தார்.

அவர் வந்து நின்று தொண்டையைக் கனைத்ததுமே தூங்கினவர்கள் எழுந்துவிட்டார்கள். கள்ளுக்கடையில் இருந்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ரயில் பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டெடுப்பவர் மனசில் உள்ளதையெல்லாம் கட்டிப் பாடலாம்; மேலதிகாரியைத் திட்டலாம், பக்கத்து வீட்டுக்காரியைக் கிண்டல் செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு மனசில் நிறைய இருந்தது.

"கயிறு கொண்டு வந்தேனே!" என்று எடுத்தார்.

"ஐலசா!" என்றார்கள். வீடு எழும்பியது, இரண்டு பக்கமும் சமமாக.

"கடுகு போல வெடிச்சாளே!"

"ஐலசா!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டில் திட்டினால் பேச்சில் பதில் சொல்ல முடியாது. நானும் எடுத்தேன்:

"கயிறு மாட்டைக் கட்டத்தானே!"

ஆட்கள் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு முன்னைவிடப் பலமாக, "ஐலசா!"

"கழுத்தைக் கட்ட நான் மாடா?"

"ஐலசா!"

வீடு ஓடியது என்றே சொல்ல வேண்டும். அவர் ஒன்று பாட, நான் ஒன்று பாட, எங்கள் சண்டை முழுவதையும் அந்தப் பாதையில் கொட்டினோம். அவர் குறட்டை வந்தது, என் வாய் வந்தது, கிராணியின் சீட்டு வந்தது, படியில் இட்ட முட்டைகூட வந்தது. கம்பத்து ஆட்களும் எண்ணுவதை விட்டுவிட்டு "ஐலசா" சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வண்டிக்காரர்கள் வண்டியை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். கங்காணி சிரித்துச் சிரித்துப் பாதையோரம் உட்கார்ந்துவிட்டார். இவர்கள் சேர்ந்து வாழ்ந்தபோதுகூட இவ்வளவு பொருத்தமாக இருந்ததில்லை என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

தோப்புக்கு வந்ததும் கல் வைத்திருந்த இடத்தில் இறக்க வேண்டும். அடுத்த வரி அவருடையது. என்ன சொல்லிக் கடைசியாகக் குத்தப்போகிறாரோ என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவர் குரல் தணிந்துவிட்டது.

"பதமாப் பாத்து எறக்குங்கடா!"

"ஐலசா!"

"பானை சட்டி உள்ள இருக்கு!"

"ஐலசா!"

வீடு பூப்போல உட்கார்ந்தது. தயாராக வைத்திருந்த பதிலுக்கு வேலையில்லாமல் போயிற்று. அவர் சாப்பிடக்கூட நிற்காமல் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகுதான் எனக்குப் படி இல்லை என்று உறைத்தது. மார்பு உயரத்தில் வாசல். மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன்; காலில் சிராய்ப்பு. தோசைக்கு வருகிறவர்கள் கீழே நின்று தலைக்கு மேல் கையை நீட்டினார்கள். தோப்பு வாசலில் நின்றால் பழைய மண் தெரியும். அவர் ரயில்வே கூலிகள் தங்கும் லயத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். ஆனால் சாயங்காலம் வேலை விட்டதும் அந்த வெறும் மண்ணுக்கு வந்து, எங்கேயும் போகாத படியில் உட்கார்ந்திருப்பார். வீடு கட்டவும் இல்லை, ஒரு கீரை விதைக்கவும் இல்லை. எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டால் அந்தக் கயிற்றையும் கூப்பிட்டதாகிவிடுமே என்ற பயம்.

ஒரு நாள் சாயங்காலம் படியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். என் வாசலில் சாய்த்து, அடியை மண்ணில் நன்றாக ஊன்றினார்.

"இது என்னுது. மண்ணைத் தொடுது பார். இங்க வெச்சுக்கறேன்."

"உங்க நெலம்தான் சும்மா கிடக்கே?"

"அங்க படிக்கு வேலையில்ல" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் வருவார். தன் சொத்தைப் பார்த்துக்கொள்ள வருகிறாராம். கீழ்ப்படியில், பாதம் இரண்டையும் மண்ணில் பதித்து, சட்டப்படி உட்கார்வார். நான் நிலைப்படியில் உட்கார்வேன். காப்பி கொடுத்தால் வாங்கிக்கொள்வார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. திருவிழா வந்தது, உபயத்தை வேறொரு மண்டோர் சம்சாரத்தோடு நின்று நடத்தினார். அன்று சாயங்காலம் கோயில் மேளம் கேட்டபடி இவர் என் வீட்டில், தன் படியில், காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கயிறு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கோழியைக் கட்டிப்போட்டிருக்கிறேன் என்றார்.

பிறகு மழைக்காலம். ஒரு நாள் மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. ஆறு பெருகித் தோப்புக்குள் வந்துவிட்டது. அவர் வழக்கம்போல் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தார்.

"வடிஞ்சிரும்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு படி. "இது என்ன பெரிய தண்ணி!" அவருடைய கோழிகள் நீந்தத் தெரியாமல் பறந்து வந்து என் வீட்டுக்குள் ஏறிக்கொண்டன. அவர் அவற்றைக் கோபமாகப் பார்த்தார். கடைசியில் மேற்படிக்கு வந்து, முழங்காலை மடக்கி மோவாயோடு சேர்த்துக்கொண்டு, டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. தலைப்பாகையிலிருந்து மூக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

படி ஆடியது. மரப்படிதானே, வெள்ளம் அடியில் புகுந்து ஊன்றியதைப் பிடுங்கிவிட்டது. அவரோடு சேர்ந்து ஒரு பக்கமாக மெல்ல மிதக்கத் தொடங்கியது. அவர் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க" என்றேன். "படி இப்போ மண்ணைத் தொடுதா?"

குனிந்து பார்த்தார். "இல்ல."

"உங்க காலு?"

பார்த்தார். "இல்ல."

"மண்ணைத் தொடாததெல்லாம் யாருக்கு?"

மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்டும் கேட்காமலும், "உனக்கு" என்றார்.

"அப்போ உள்ள வாங்க. என் பொருளு தண்ணியில போறதைப் பாத்துக்கிட்டு நான் சும்மா இருக்க மாட்டேன்."

கையைக் கொடுத்தேன். வந்துவிட்டார். படியையும் விடாமல் இழுத்து நிலையில் கட்டினார்.

தண்ணீர் வடிந்த பிறகு படியை மறுபடி ஊன்றினோம். வேலைக்குப் போக மண்ணில் இறங்கித்தானே ஆக வேண்டும், போவார். ஆனால் சாயங்காலம் வந்து படியேறி, இரண்டு காலையும் மேலே வைத்த பிறகு, ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டினால்தான் உள்ளே வருவார். கோபமாக இருக்கும் நாட்களில் கொஞ்சம் காக்க வைப்பேன். பல வருஷம் இப்படித்தான் நடந்தது. கயிறு என்ற பேச்சு மறுபடி எங்களுக்குள் வரவே இல்லை.

அவர் காலமானபோது பாடை கட்ட வந்தவர்களில் புதிதாக வந்த ஓர் ஆள், சம்பிரதாயத்துக்குக் கேட்டார்: "அம்மா, நீங்க அவருக்கு என்ன வேணும்?" கிராணியின் தாளில் இடமில்லாத அதே கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் நான்கு பேர் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். வண்டிப்பாதையில், வீடு வந்த அதே வழியில், எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனார்கள். பாட்டெடுக்க ஆளில்லாததால் கொஞ்சம் நொண்டினார்கள்.

நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மண்ணைத் தொடாமல் போய்க்கொண்டிருந்தார். இடுகாடு வரைக்கும் அவர் எனக்குத்தான்.